தட்டைத் துடைத்தவள்

அந்தத் தட்டைத் துடைத்தது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் எனக்குச் சொல்ல வராது. அது ஒரு முறை நிரூபணமாகிவிட்டது.

1993ஆம் ஆண்டு. வேதியியலில் பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை கிடைக்கவில்லை. பினாங்கில், ஜெலுத்தோங் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அப்பா அம்மாவோடு இருந்தேன். வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்துக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போவேன். அங்கே ஒரு சந்தில் முகம்மது கனி என்பவர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அவருடைய மகள் நூர்ஜான் ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருடம். கடையின் பின்பக்கத்து மேசையில் அவளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தேன்.

கடைக்கும் பக்கத்து நாசி கண்டார் சோற்றுக்கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அங்கே பேசுவது எங்கள் மேசைக்கு அப்படியே கேட்கும். மாலை நான்கு மணிக்கு மேல் சில பெரியவர்கள் தே தாரிக் எனும் ஆற்றிய தேநீர் குடிக்க வருவார்கள். நூர்ஜானின் தாய்மாமா நாகூர் மீரானும் அவர்களில் ஒருவர். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்றவர்களுக்கு அவரைச் சீண்டுவதுதான் பொழுதுபோக்கு.

"என்னப்பா மீரான், உன் டோல்கேட்டு கோஷ்டி எப்ப மறுபடி வருது?" இது பழனியப்பன் என்பவரின் குரல். தினமும் அவர்தான் ஆரம்பிப்பார்.

"எந்த டோல்கேட்டுலா? பாலத்துல டோல் வாங்குறாங்களே, அவங்களா?" என்பார் இன்னொருவர்.

"நீங்க சிரிங்க. தட்டு இருக்கு. கனி பத்திரமா வச்சிருக்கான்."

"இருபத்தெட்டு வருஷமா வச்சிருக்கான். ஒருநாள் போட்டுக் காட்டினானா?"

"போட்டா தேஞ்சிடும்லா."

"தேயட்டுமே. உனக்கு முன்னாடி அது தேஞ்சா என்ன?"

முதலில் எனக்கு இது புரியவில்லை. நூர்ஜான்தான் விளக்கினாள். 1965இல் தி டோல்கேட்ஸ் என்ற இங்கிலாந்துப் பாட்டுக் கோஷ்டி ஒன்று இங்கே முகாமிலிருந்த சிப்பாய்களுக்காகப் பாட வந்திருக்கிறது. அப்போது அவர்களை யாருக்கும் தெரியாது. வந்த இடத்தில் டிரம்ஸ் வாசிப்பவருக்குக் காய்ச்சல். முஹர்ரம் மாதத்தில் தெருத்தெருவாகப் பாடிப்போகும் போரியா குழு ஒன்றில் மீரான் டோலக் வாசித்துவந்தார். யாரோ கைகாட்ட, இரண்டு நாள் அவர்களோடு வாசித்தார். மூன்றாம் நாள் பாடகரும் கிதார்காரரும் அவரும் இந்தக் கடைக்கு வந்தார்கள். அப்போது இங்கே இசைத்தட்டில் குரல் பதியும் இயந்திரம் இருந்தது. சிப்பாய்கள் அம்மாவுக்கு இரண்டு நிமிடம் பேசித் தபாலில் அனுப்புவார்கள். கனி அப்போது கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டை அவர்தான் பதிந்தார். ஒரே ஒரு தட்டு. மறுநாள் கோஷ்டி கப்பலேறிவிட்டது. அடுத்த வருடம் அவர்கள் உலகப் புகழ் பெற்றார்கள்.

மீரான் சொல்வதை அன்றிலிருந்து யாரும் நம்பவில்லை.

ஆகஸ்டு மாதம் ஒரு வியாழக்கிழமை நான் போனபோது கனி கடிதமும் கையுமாக நின்றார்.

"டீச்சர், லண்டன்லேர்ந்து காயிதம். நானும் படிச்சுப் பார்த்தேன். இது டை கட்டின இங்கிலீஷ். நீங்க சொல்லுங்க."

பார்டன் என்பவர் எழுதியிருந்தார். டோல்கேட்ஸின் பாட்டுகளை முதலிலிருந்து கடைசி வரை, 1963 தொடங்கி 1989 வரை, நான்கு குறுந்தட்டுகளில் தொகுக்கிறார்கள். கூடவே ஒரு புத்தகம். கிதார்காரர் ஒரு பேட்டியில் பினாங்கில் ஒரு ரேடியோ கடையில் ஒரு பாட்டைப் பதிந்ததாகச் சொல்லியிருக்கிறார். கடையின் பெயர் நினைவில்லை. பள்ளிவாசல் பக்கம் என்பது மட்டும் நினைவு. பார்டன் அந்தச் சாலையில் இருந்த மூன்று கடைகளுக்கு எழுதியிருந்தார். அப்படி ஒரு தட்டு இருக்கிறதா? வாசித்தவர் யார்? இருந்தால் அனுப்ப முடியுமா? தயவுசெய்து சுத்தம் செய்ய வேண்டாம். இருக்கிறபடியே அனுப்பவும்.

தொண்ணூற்று நான்கு பாட்டுகளின் பட்டியலை இணைத்திருந்தார். பதினேழாவதற்கும் பதினெட்டாவதற்கும் நடுவில் எண் இல்லாமல் ஒரு வரி: பினாங்கு, 1965. பக்கத்தில் கேள்விக்குறி.

நூர்ஜான் ஓடிப்போய் மாமாவைக் கூட்டிவந்தாள். மீரான் அந்த வரியில் விரலை வைத்தார். "இந்தக் கேள்விக்குறியை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டார்.

"தட்டு போய்ச் சேர்ந்தா எடுத்துடுவாங்க அங்கிள்" என்றேன்.

பதில் எழுத வேண்டியது நான் என்பதால், கனி தந்த நான்கு கேசட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் வரிசையாகக் கேட்டேன். எனக்கு இந்த மாதிரி பாட்டுகள் பழக்கமில்லை. ஆரம்பத்தில் பாடகர் அவசரப்படுகிறார். யாரோ துரத்துவதுபோலப் பாடுகிறார். பிறகு வயலின்கள் வருகின்றன. பிறகு ஒரே பாட்டு பதினோரு நிமிடம் போகிறது. 1971இல் பிரிந்துவிடுகிறார்கள். 1983இல் மறுபடி கூடும்போது டிரம்ஸ் வாசிப்பது ஆள் இல்லை, இயந்திரம். கடைசிப் பாட்டைப் பாடகர் தாம் இறப்பதற்குச் சில மாதம் முன்பு பாடியிருக்கிறார். அதில் ஒரு வரிக்கு நடுவில் மூச்சு வாங்குகிறார். முதல் கேசட்டில் அதே நீளத்துக்கு மூன்று வரி ஒரே மூச்சில் பாடியவர். ஒரு மனிதரின் இருபத்தாறு வருடம் இரண்டு மாலைகளில் முடிந்துவிட்டது. அதில் மீரானுடையது மூன்று நிமிடம்.

அடுத்த வாரம், மீரானும் வந்திருந்தபோது, கனி மேல்தட்டில் தகரக் கூரைக்குக் கீழே இருந்த பெட்டியை இறக்கினார். தட்டு ஒரு பழுப்பு உறையில் இருந்தது. வெளியே எடுத்ததும் அவர் முகம் மாறியது. மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

"பூஞ்சை" என்றார். "இப்படியா லண்டனுக்கு அனுப்புறது? பினாங்குக்காரன் இதையா இத்தனை வருஷம் காப்பாத்தி வச்சான்னு நெனைக்க மாட்டான்?"

"துடைக்க வேணாம்னு எழுதியிருக்காங்க, அத்தா" என்றாள் நூர்ஜான்.

"அது அவங்க மரியாதைக்கு எழுதுறது. விருந்தாளி வீட்டை ஒழுங்குபண்ண வேண்டாம்னு சொல்றதில்லையா, அந்த மாதிரி." என்னைப் பார்த்தார். "டீச்சர் கெமிஸ்ட்ரி படிச்சவங்க. அவங்க சொல்லட்டும். துடைக்கலாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டில் எட்டு மாதமாக நான் வேலையில்லாத பிள்ளை. நேர்காணல்களில் என் குரல் கேட்கவில்லை என்று இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். இங்கே மூன்று பேர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"துடைக்கலாம்" என்றேன். "நானே வீட்ல செஞ்சு கொண்டு வரேன்."

வெள்ளிக்கிழமை பகலில் அப்பாவும் அம்மாவும் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போயிருந்தார்கள். அப்பாவின் பழைய தட்டு இயந்திரத்தில் முதலில் அதைப் போட்டுக் கேட்டேன். ஒரே இரைச்சல். இரைச்சலுக்குக் கீழே பாடகரின் குரல் ஆங்கிலத்தில், "டிரம்மில் மீரான்" என்றது. பிறகு கிதார். பிறகு டோலக். பாடகர் அதே அவசரத்தோடு பாடினார். டோலக் அவரை அவசரப்பட விடாமல் பிடித்துவைத்திருந்தது. கேசட்டுகளில் வேறு எங்கேயும் அவர் அப்படி அடங்கிப் பாடவில்லை. முக்கால்வாசி ஆனதும் டோலக் சட்டென்று நின்றது. பாடகர் தடுமாறி, கிதாரோடு தனியாகப் பாடி முடித்தார். அந்த இடத்தில் தூரத்தில் வேறொரு நீண்ட ஒலி இருந்தது. இரைச்சலில் அது என்னவென்று தெரியவில்லை.

இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டும்போல இருந்தது. அப்போது எனக்கு நோக்கம் அதுதான் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் சுத்தமான தட்டைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைக்கும் நேரத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இசைத்தட்டு என்றால் பிவிசி. பிவிசியை ஆல்கஹால் ஒன்றும் செய்யாது. இரண்டும் சரியான வாக்கியங்கள். அந்தத் தட்டு பிவிசி இல்லை. அதன் ஓரத்தில் அலுமினியம் மின்னியது. நடுத்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் துளை இருந்தது. கடையில் விற்கும் தட்டுகளில் அப்படி இருக்காது. இரண்டையும் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. புதிய பொருள் என்றால் ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும். அந்த மாதம்தான் நூர்ஜானுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் தோழியிடம் வாங்கிவந்த ஸ்பிரிட்டைத் தட்டின் மேல் முழுவதும் ஊற்றினேன். பத்து நிமிடம் ஊறவிட்டேன். பஞ்சால் ஒற்றியபோது வெள்ளை போயிற்று. சந்தோஷப்பட்டேன். அடுத்த பஞ்சு கறுப்பாக வந்தது. அதற்கடுத்ததும் கறுப்பு. விரலில் ஒட்டியது. கோடுகள் இருந்த இடம் வழவழப்பாகியிருந்தது. ஓரத்திலிருந்து மேல்பூச்சு சுருண்டு எழும்பியது. கீழே உலோகம் தெரிந்தது.

அந்தப் பூச்சு நைட்ரோசெல்லுலோஸ், ஆல்கஹால் பட்டால் இளகிவிடும். மேலே பூத்திருந்தது பூஞ்சையே இல்லை, பூச்சிலிருந்த எண்ணெய் வெளியே கசிந்து உறைந்தது. மறுநாள் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் ஒன்றரைப் பக்கத்தில் இது இருந்தது. ஒரு நாள் முன்பு போயிருக்கலாம்.

தட்டை உறையில் போட்டேன். உறையை அட்டைப் பெட்டியில் வைத்து நாலாபக்கமும் டேப் ஒட்டினேன். திங்கட்கிழமை அப்படியே கடைக்குக் கொண்டுபோனேன்.

"துடைச்சாச்சா?" என்றார் கனி.

"இல்லை. யோசிச்சுப் பார்த்தேன். அவங்க சொன்ன மாதிரியே அனுப்பறது நல்லது."

"அதுவும் சரிதான். படிச்சவங்க நிதானமா செய்வீங்க" என்றார்.

அவரே பெரிய தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அது போய்ச் சேரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். தண்ணீர்மலைக்குக்கூடப் போனேன். முருகனிடம் ஒரு பார்சல் தொலைய வேண்டும் என்று கேட்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பார்சல் தொலையவில்லை. அக்டோபர் கடைசியில் பதில் வந்தது. கனி அதைப் பிரிக்காமல் வைத்திருந்தார். மீரானும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். நின்றபடி படித்தேன்.

தட்டிலிருந்து எந்த ஒலியையும் எடுக்க முடியவில்லை என்று பார்டன் எழுதியிருந்தார். யாரோ அதை ஆல்கஹால் போன்ற கரைப்பானால் அண்மையில் துடைத்திருக்கிறார்கள். திரு. நாகூர் மீரானின் பெயரைச் சேர்க்கத் தமக்கு விருப்பம்தான். ஆனால் இதே மாதிரி வேறு துறைமுகங்களிலிருந்தும் மூன்று பேர் உரிமை கோரியிருக்கிறார்கள். கிதார்காரருக்கு ஊரே சந்தேகமாக இருக்கிறது. குடும்பத்தாரின் சொல்லை மட்டும் வைத்து அச்சிட முடியாது. குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத யாராவது அந்தத் தட்டைக் கேட்டிருந்தால், கேட்டதை எழுதிக் கையெழுத்திட்டு நவம்பர் முடிவதற்குள் அனுப்ப வேண்டும்.

"என்ன சொல்றான்?" என்றார் மீரான்.

"கெட்டுப் போயிடுச்சாம்" என்றேன். "சூட்டுல மேல்பூச்சு உரிஞ்சிடுச்சாம்."

"எந்தச் சூட்டுல?"

நான் பதில் தேடும் முன்பே கனி பேசினார். "கூரை. அந்தத் தகரக் கூரைக்குக் கீழதானே வச்சேன். என் புத்தி."

நான் தலையாட்டினேன். கூரை என்ற பொய்யை நான் வாயால்கூடச் சொல்லவில்லை. தட்டைக் கேட்டவர் எழுதிக்கொடுத்தால் பெயர் வரும் என்பதைச் சொல்லவே இல்லை. கடிதத்தை மடித்து, பதில் போட வேண்டும் என்று சொல்லி என் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கனி மேல்தட்டுச் சாமான்களை எல்லாம் இறக்கிக் கடை நடுவில் அடுக்கியிருந்தார். நடக்க இடமில்லை. இருபது வருடத்து ரேடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து சூட்டில் எது கெட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து பாடம் படித்தோம். பலகைக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"தட்டு ஹபிஸ்லா, தீர்ந்துபோச்சு. உருகிடுச்சாம்."

"வெண்ணெயில செஞ்ச தட்டு போலிருக்கு."

"இல்லப்பா பழனி, அது ஐஸ் தட்டு. பாடினதும் கரைஞ்சிடும்."

மீரானின் குரல் வரவில்லை. அடுத்தடுத்த பாட நாள்களிலும் வரவில்லை. அவர் தே தாரிக் குடிக்க வருவதையே நிறுத்திவிட்டதாக நூர்ஜான் சொன்னாள்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீட்ல உக்காந்து டிவி பார்க்கிறாரு. ஆ, டீச்சர், அந்த லண்டன் காயிதத்தை மாமா கேட்டாரு. பிரேம் போடப் போறாராம்."

"எதுக்கு?"

"அதுல அவரு பேரு இருக்குல்ல. தட்டுதான் போச்சு, பேராவது சுவத்துல இருக்கட்டும்னு சொன்னாரு. பிரேம் கடைக்காரன்கிட்ட சொல்லிட்டாராம். பேப்பர் அளவு மட்டும் வேணுமாம்."

கடிதம் என் பைக்குள் இருந்தது. "வீட்ல இருக்கு" என்றேன்.

"அடுத்த வாட்டி கொண்டாங்க. நானே படிச்சுப் பார்க்கணும், இங்கிலீஷ் பரீட்சை வருது."

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கடிதம் கண்ணாடிக்குள் சுவரில் தொங்குவதை நினைத்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிப்பார்கள். தட்டைத் துடைத்திருக்கிறார்கள் என்ற வரிக்குக் கீழே அவர் உட்கார்ந்து டிவி பார்ப்பார். கடிதம் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். ஜெலுத்தோங் வரும்வரை அதைத்தான் நினைத்தேன். அந்த வாக்கியத்தைக்கூடத் தயார்செய்துவிட்டேன். ஆனால் தொலைந்துவிட்டது என்றால் அவரிடம் எதுவுமே மிஞ்சாது. நவம்பர் முடிய ஒன்பது நாள் இருந்தது.

வியாழக்கிழமை மீரானையும் வரச்சொல்லும்படி கனியிடம் கேட்டேன். ரேடியோக்களுக்கு நடுவில் நின்று கடிதத்தை முதலிலிருந்து படித்தேன். இந்த முறை ஒவ்வொரு வாக்கியமாகச் சரியாக மொழிபெயர்த்தேன். கரைப்பான் என்ற சொல் வந்தபோது நூர்ஜான் தலைதூக்கிப் பார்த்தாள். அவளுக்கு முதலில் புரிந்துவிட்டது.

"துடைச்சது யாரு?" என்றார் கனி.

"நான்தான் அங்கிள்."

"துடைக்கலைன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

கனி கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். "தட்டு போனது வேற. துடைக்கச் சொன்னதுல எனக்கும் பங்கு இருக்கு. ஆனா டீச்சர், மூணு வாரமா என் பொண்டாட்டி என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. அவ அண்ணன் மானத்தை என் கூரை எரிச்சிடுச்சாம். நீங்க இங்கதானே உக்காந்திருந்தீங்க. எல்லாத்தையும் எறக்கிக் கொட்டி வச்சிருக்கேன், அதுக்கு நடுவுலதானே பாடம் சொல்லிக்குடுத்தீங்க."

அழுகை வந்தது. அழுதால் அவர்கள் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

மீரான் கேட்டார். "துடைக்கறதுக்கு முன்னாடி போட்டுக் கேட்டியாம்மா?"

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

பாடகர் அவர் பெயரைச் சொன்னதைச் சொன்னேன். டோலக் பாட்டைப் பிடித்துவைத்திருந்ததைச் சொன்னேன். "முக்கால்வாசில டோலக் நின்னுடுது அங்கிள். அவர் தனியா பாடறாரு."

மீரான் கனியைப் பார்த்தார். கனி தலையைக் குனிந்துகொண்டார்.

"தொழுகைக்குப் பாங்கு சொன்னாங்க" என்றார் மீரான். "பள்ளிவாசல் இங்கதானே. காதுல விழுந்ததும் கை தானா நின்னுடுச்சு. அவனுக்கு ஒண்ணும் புரியல, முழிக்கிறான். இதை நான் எவன்கிட்டயும் சொன்னதில்ல. பாட்டைக் கெடுத்துட்டு வந்தவன்னு அதுக்கு ஒரு இருபது வருஷம் சிரிப்பானுங்க."

பிறகு, "சரி. கேட்டதை எழுது" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கேட்டது, துடைத்தது, மறைத்தது, மூன்றையும் எழுதினேன். முழுப் பெயரையும் போட்டேன். பழக்கத்தில் பட்டத்தையும் போட்டுவிட்டேன். அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அதுவும் உண்மைதான் என்று விட்டுவிட்டேன்.

பாடம் நிற்கவில்லை. கனி சாமான்களை மறுபடி மேலே ஏற்றிவிட்டார். என்னை டீச்சர் என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். என்னோடு பேச வேண்டியதை நூர்ஜானிடம் சொல்வார்.

ஜனவரியில் பார்டனிடமிருந்து நான்கு வரிக் கடிதம் வந்தது. கிதார்காரரிடம் என் கடிதத்தைக் காட்டாமல், பாட்டின் நடுவில் ஏதாவது நடந்ததா என்று மட்டும் கேட்டிருக்கிறார். டிரம்காரர் பாதியில் கையை எடுத்துவிட்டார், ஏன் என்று இன்றுவரை தெரியாது என்று அவர் சொல்லியிருக்கிறார். எனவே அச்சிடுகிறோம்.

அதற்குள் எனக்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. நூர்ஜானின் பரீட்சையும் முடிந்திருந்தது. அந்தச் சாலைப் பக்கம் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அது எனக்கு வசதியாக இருந்தது.

ஏப்ரலில் நூர்ஜான் தொலைபேசியில் கூப்பிட்டாள். பெட்டி வந்துவிட்டது. நான்கு குறுந்தட்டு, அறுபத்துநான்கு பக்கப் புத்தகம். முப்பத்தொன்றாம் பக்கத்தில் மாமாவின் பெயர் இருக்கிறது.

"அவரு சந்தோஷமா இருக்காரா?"

"மாமா புஸ்தகத்தைப் பக்கத்துக் கடைக்கு எடுத்துட்டுப் போறாரு. ஆனா அவங்க நம்பலை டீச்சர். உங்க பேரு வர்ற இடத்துல மாமா வெள்ளைப் பேப்பர் வெட்டி ஒட்டிட்டாரு. மூணு வரியை மறைச்சிருக்காரு."

"ஏன்?"

"கல்யாணம் ஆகாத பொண்ணு. அது பேரைப் போட்டு இப்படி எழுதியிருக்கிறதை ஊர்ல நாலு பேரு படிக்கக்கூடாதுன்னு சொல்றாரு. அத்தா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாரு. கேக்க மாட்டேங்கிறாரு."

அன்று இரவு சாப்பிடும்போது அம்மா இரண்டு முறை என்ன என்று கேட்டாள். அந்த ஒட்டுப் பேப்பர் எனக்கு எவ்வளவு நிம்மதியைத் தந்தது என்பதை அவளிடம் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை மாலை போனேன். பலகைக்கு இந்தப் பக்கம்தான் எனக்குப் பழக்கம். அந்த நாசி கண்டார் கடைக்குள் நான் கால் வைத்ததே இல்லை. உள்ளே எல்லாரும் ஆண்கள். வாசலிலேயே குரல் கேட்டது.

"ஒட்டுப் போட்ட இடத்துலதான் விஷயமே இருக்கு. மேல உன் பேரைப் போட்டுட்டு, கீழ 'இவர் சொல்றதை நம்பாதீங்க'ன்னு எழுதியிருப்பான் வெள்ளைக்காரன். அதான் இவன் மறைச்சுட்டான்."

"இல்லாத பாட்டுக்குக் கொட்டடிச்சவன் உலகத்துலேயே நம்ம மீரான் ஒருத்தன்தான்லா."

மீரான் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். புத்தகம் அவருக்கு முன்னால் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நீ எங்கம்மா இங்க?"

பழனியப்பன் என்று குரலில் தெரிந்தவரை முதல் முறையாக முகத்தோடு பார்த்தேன். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன்.

மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். ஒட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தேன்.

"வேணாம்மா" என்றார் மீரான். "இவனுங்க எப்படியும் சிரிக்கத்தான் போறானுங்க. உனக்கு எதுக்கு?"

பேப்பர் சுலபமாக வந்துவிட்டது. சோற்றுப் பசைதான் போட்டிருந்தார். எழுத்து ஒன்றும் கெடவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் மாற்றிப் படித்தேன்.

"பினாங்கு, 1965. ஒலிப்பதிவு இன்று இல்லை. டோலக், நாகூர் மீரான். இதன் ஒரே தட்டை, அதைக் கடைசியாகக் கேட்டவரான வேதியியல் பட்டதாரி ஞானாம்பிகை அம்பிகைபாகன் ஆல்கஹாலால் துடைத்து அழித்துவிட்டார். இப்படி ஒரு தட்டு இருந்ததற்கு அவருடைய ஒப்புதல் கடிதமே ஆதாரம்."

அடுப்பில் ஏதோ பொரிந்துகொண்டிருந்தது.

"யாரும்மா அந்த ஞானாம்பிகை?" என்றார் பழனியப்பன்.

"நான்தான்."

அவர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். "எனக்குச் சரியா கேக்கலம்மா. இன்னொரு தடவை படி. கொஞ்சம் சத்தமா."

மீரான் மறுபடி உட்கார்ந்தார். நான் முதல் வரியிலிருந்து படித்தேன்.